ஓய்வு பெறப் போன கப்பல்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள். பாதியிலேயே நழுவுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

ஒரு போர்க்கப்பலைப் பற்றி எழுதப் போகிறேன். கடலில் போகிற கப்பல் இல்லை, விண்வெளியில் போகிற கற்பனைக் கப்பல். அதன் பெயர் கேலக்டிகா. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' என்ற தொடரின் கதாநாயகர் யார் என்று கேட்டால், நான் அந்தக் கப்பலைத்தான் சொல்வேன். "டீச்சருக்கு என்ன ஆச்சு, சீரியல் பார்க்கிற வயசில் ராக்கெட் படம் பார்க்கிறாரே" என்று என் நாத்தனார் கேட்பது காதில் விழுகிறது. மகள் போட்டுக் காட்டினாள். ஆங்கில வசனத்தைக் கீழே எழுத்தில் ஓடவிட்டு, புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 4 மாதம் ஆயிற்று. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லையே!

முதலில் வரலாறு. இந்தக் கப்பல் முதன்முதலில் 1978இல் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் வந்தது. உருவாக்கியவர் கிளென் லார்சன். லோர்ன் கிரீன் என்ற மூத்த நடிகர் தளபதி அடாமாவாக நடித்தார். ஒரே ஆண்டில் 24 பகுதிகளோடு முடிந்துவிட்டது. அப்போது கப்பலைச் சின்ன மாதிரி உருவமாகச் செய்து படம் பிடித்தார்கள். பிறகு 2003 டிசம்பரில் ரொனால்ட் மூர், டேவிட் ஐக் என்ற இருவர் அதே கதையைப் புதிதாக எடுத்தார்கள். இந்தத் தடவை கப்பலைக் கணினியில் வரைந்தார்கள். அந்தத் தொடர் 2009 மார்ச் வரை ஓடியது. நான் பார்த்தது இந்த இரண்டாவது தொடர்தான். இதில் அடாமாவாக நடித்தவர் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ்.

கதை இதுதான். மனிதர்கள் 12 கோள்களில் குடியிருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டின் பெயரும் நம் 12 ராசிகளின் மேல்நாட்டுப் பெயர்களிலிருந்து எடுத்தவை. காப்ரிகா என்றால் மகரம், டாரான் என்றால் ரிஷபம், லிப்ரான் என்றால் துலாம். இன்னொன்று சொன்னால் என் சித்தி சந்தோஷப்படுவார்: தொடரின் தொடக்க இசையில் காயத்ரி மந்திரத்தைப் பாடுகிறார்கள். முதல் நாள் கேட்டபோது, பக்கத்து வீட்டு டிவி சத்தம் என்று நினைத்தேன்.

மனிதர்கள் தங்கள் வேலைக்காகவும் சண்டைக்காகவும் சைலான் என்ற எந்திரங்களைச் செய்கிறார்கள். அந்த எந்திரங்கள் ஒருநாள் எஜமானர்களையே எதிர்க்கின்றன. பெரிய போர் நடக்கிறது. அந்தப் போருக்காக, கோளுக்கு ஒன்று என்று 12 பெரிய போர்க்கப்பல்கள் கட்டப்படுகின்றன. அவற்றில் ஒன்றுதான் கேலக்டிகா. பிறகு சமாதானம் ஆகி, எந்திரங்கள் எங்கோ போய்விடுகின்றன. 40 வருடம் ஒரு தகவலும் இல்லை. பேச்சுவார்த்தைக்கென்று ஒதுக்கிய நிலையத்துக்கு மனிதர்கள் வருடா வருடம் ஓர் அதிகாரியை அனுப்புகிறார்கள். எதிர்த்தரப்பிலிருந்து யாரும் வருவதில்லை.

இதற்குள் கேலக்டிகா கிழமாகிவிட்டது. புதிய கப்பல்கள் நிறைய வந்துவிட்டன. அதனால் இதை அருங்காட்சியகம் ஆக்க முடிவு செய்கிறார்கள். விமானங்கள் இறங்கும் இரண்டு பக்கங்களில் ஒரு பக்கத்தைக் காட்சிக்கூடமாக மாற்றி, நினைவுப் பொருள் விற்கும் கடைகூட வைத்துவிட்டார்கள். தளபதி அடாமாவுக்கும் கப்பலோடு சேர்த்தே ஓய்வு. கதை தொடங்குவது அவருடைய பணிநிறைவு விழா நாளில்.

நம் ஊர்ப் பணிநிறைவு விழா உங்களுக்குத் தெரியும். பொன்னாடை, சந்தனமாலை, சுவர்க்கடிகாரம். எனக்கு 3 கடிகாரம் வந்தது. 36 வருடம் மணி அடித்தவுடன் ஓடிய ஒருத்திக்கு, மணி பார்க்க வேண்டாத நாளில் எதற்குக் கடிகாரம் கொடுக்கிறார்களோ! அடாமாவுக்குக் கப்பலின் தொழிலாளர்கள் கொடுத்த பரிசு நல்ல பரிசு. அவர் இளைஞராக இருந்தபோது ஓட்டிய பழைய போர் விமானத்தைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அந்த விழாவில் அவர் எழுதி வைத்திருந்த உரையை விட்டுவிட்டு வேறு ஒன்று பேசுகிறார். நாம் பிழைப்பதற்காகச் சண்டை போட்டோம், சரி. பிழைத்திருக்கத் தகுதி உள்ளவர்கள்தானா நாம் என்று என்றைக்காவது நம்மையே கேட்டுக்கொண்டோமா? இதுதான் அவர் பேச்சின் சாரம். கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் கை தட்டுகிறது. அன்று மாலைக்குள் அந்தக் கேள்வி எல்லார் கழுத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விழாவுக்கு அரசாங்கத்தின் சார்பில் வந்தவர் கல்வி அமைச்சர் லாரா ராஸ்லின். பள்ளி ஆசிரியையாக இருந்து அமைச்சர் ஆனவர். நடித்தவர் மேரி மெக்டொனல். அருங்காட்சியகம் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு வசதியாக, கப்பலில் உள்ள கணினிகளை எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கவேண்டும் என்று அவர் கேட்கிறார். அடாமா முடியாது என்கிறார். தான் பொறுப்பில் இருக்கும்வரை இந்தக் கப்பலில் இணைப்பு கிடையாது, அவ்வளவுதான்.

அவரைப் பார்த்தால் யாருக்கும் 'பிடிவாதக் கிழவர்' என்றுதான் தோன்றும். அந்தக் கப்பலில் பேச வேண்டுமென்றால் சுவரில் தொங்கும் கம்பி போன்தான். கதவைச் சக்கரம் திருகித் திறக்கவேண்டும். ஆணைகள் காகிதத்தில் அச்சாகி வரும், அதுவும் நான்கு மூலையும் வெட்டின காகிதம். வெளியில் உலகம் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்குத்தான் எந்திரங்கள் திரும்பி வருகின்றன. 12 கோள்களையும் அணுகுண்டு போட்டு அழிக்கின்றன. எதிர்க்கப் போன புதிய கப்பல்கள், விளக்கை அணைத்தது போல ஒரே நொடியில் செயலிழந்து மிதக்கின்றன. காரணம், எல்லாக் கப்பல்களையும் இணைத்து நடத்திய கணினி நிரலுக்குள் எதிரி முன்னமே கள்ளக்கதவு வைத்துவிட்டான். அதைச் செய்ய அனுமதித்த விஞ்ஞானிக்கே தான் ஏமாந்தது அதுவரை தெரியாது.

பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். வீட்டில் 10 அறை. பத்துக்கும் தனித்தனிப் பூட்டு, தனித்தனிச் சாவி. இருட்டில் தேடவேண்டியிருக்கும், தொல்லைதான். பத்துக்கும் ஒரே சாவி என்று மாற்றிவிட்டால் வசதி. ஆனால் அந்த ஒரு சாவி திருடன் கையில் கிடைத்தால் பத்து அறையும் போச்சு. கேலக்டிகாவில் ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு இருந்தது. திருடன் உள்ளே வர ஒரே வழி, ஆளாக நேரில் வருவது.

கப்பலில் அப்போது குண்டு இல்லை, தோட்டா இல்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள். புதிய மாதிரி விமானங்கள் எந்திரங்களின் முன்னால் செத்துப்போயின. கடைசியில், காட்சிக்காகத் துடைத்து வைத்திருந்த பழைய விமானங்களை எடுத்துக்கொண்டுதான் பையன்களும் பெண்களும் பறந்து போனார்கள். அடாமாவுக்குப் பரிசாக வந்த அந்த விமானத்தையும் அவர் மகனே ஓட்டினான். உயிர் தப்பின ஏறக்குறைய 50,000 பேரையும், அவர்கள் ஏறியிருந்த பலவகைக் கப்பல்களையும் காப்பாற்றக் கிடைத்த ஒரே போர்க்கப்பல், அருங்காட்சியகம் ஆக இருந்த அந்தக் கிழட்டுக் கப்பல்.

இதை ஏன் இன்றைக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் முன்னால் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பேரும், எந்த வருட மாணவர் என்பதும் சொல்லமாட்டேன், நீங்களும் துப்பறிய வேண்டாம். வயது 49. ஒரே கம்பெனியில் 22 வருடம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். "நான் மியூசியம் பீஸ் ஆயிட்டேன் டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சின்ன வயசிலும் அவர் அழுகை வரும்போது சிரிப்பார்.

வீட்டில் சொல்லவில்லை. 6 வாரமாக வழக்கம்போலக் காலை 8 மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி, ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் வீடு திரும்பியிருக்கிறார். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடியட்டும் என்று நினைத்தாராம்.

அன்றைக்கு அவரிடம் நான் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, தூங்குகிறாயா என்று கேட்டேன். பிறகு இந்தக் கப்பலைப் பற்றி நிறைய யோசித்தேன். அவருக்கும், அவர் போல உங்களில் சொல்லாமல் இருக்கிறவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம். கேலக்டிகா பழசாக இருந்ததால் பிழைக்கவில்லை. 'பழசே நல்லது, புதுசு எல்லாம் மோசம்' என்று இந்தக் கதையைப் படித்தால் அது தப்பான விடை. ஒரு காரணத்தை ஞாபகம் வைத்திருந்த ஒருவர் அதில் இருந்தார், அதனால்தான் பிழைத்தது. முந்தின போரில் எதிரி எப்படி உள்ளே வந்தான் என்று அடாமாவுக்குத் தெரியும். மற்றவர்கள் பழக்கத்தை மட்டும் பார்த்தார்கள், அதன் பின்னால் இருந்த காரணம் மறந்துபோயிற்று. காரணம் மறந்த பழக்கம் வெறும் சடங்காகிவிடும். அப்புறம் அதை விட்டுவிடுவது சுலபம்.

இது வெறும் கற்பனையும் இல்லை. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கும் பாடத்தை, செயற்கைக்கோள் வழிகாட்டி வந்தபிறகு தேவையில்லை என்று நிறுத்தியிருந்தார்கள். கணினித் தாக்குதல் பயம் வந்ததும் 2015இல் மறுபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்காகச் செயற்கைக்கோளைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. ஒன்று போனால் இன்னொன்று கையில் இருக்கட்டும் என்றுதான்.

கேலக்டிகாவே ஒருதடவை அந்த இணைப்பைச் செய்கிறது. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில், மற்ற கப்பல்கள் எல்லாம் வேறு இடத்துக்குத் தாவிப் போய்விட, கேலக்டிகா மட்டும் தனியாக மாட்டிக்கொள்கிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று கணக்குப் போட ஒரு கணினிக்குப் பல மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் எதிரி விடமாட்டான். வேறு வழியில்லாமல் கணினிகளை இணைத்து, அடுக்கடுக்காகத் தடுப்புச்சுவர் போட்டு, எதிரி ஒவ்வொரு சுவராக உடைத்துக்கொண்டு வரும்போதே கணக்கை முடித்துத் துண்டித்துவிடுகிறார்கள். விதியின் காரணம் தெரிந்தவருக்குத்தான், எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் அதை மீறலாம் என்பதும் தெரியும்.

அந்தத் தொடரில் இன்னொரு போர்க்கப்பல் வரும். பெகாசஸ். கேலக்டிகாவைவிடப் புதியது, பெரியது, எல்லா வசதியும் உண்டு. தாக்குதல் நாளில் பழுதுபார்ப்புக்காகக் கணினிகளை நிறுத்தி வைத்திருந்ததால் தப்பித்த கப்பல். அதன் தளபதி ஹெலினா கெய்ன் திறமையான பெண்மணி. ஆனால் அவர் வழியில் கண்ட பொதுமக்கள் கப்பல்களில் வேண்டிய உதிரிபாகங்களையும் வேண்டிய ஆட்களையும் எடுத்துக்கொண்டு, மற்றவர்களை அநாதையாக விட்டுவிட்டுப் போனவர். கப்பல் பிழைத்தது. அடாமா விழாவில் கேட்ட கேள்விக்கு அந்தக் கப்பலிடம் பதில் இல்லை. அதே பெகாசஸ் பின்னாளில் அடாமாவின் மகன் கைக்கு வந்தபோது, கேலக்டிகாவைக் காப்பாற்றத் தன்னையே அழித்துக்கொண்டது. ஆகவே குற்றம் புதிய இரும்பின் மேல் இல்லை.

இரண்டாவது விஷயம், பொய். உயிர் தப்பினவர்கள் நம்பிக்கை இழந்து நிற்கும்போது அடாமா ஒரு பொய் சொல்கிறார். பூமி என்று பழங்கதைகளில் வரும் 13ஆவது குடியிருப்பு எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும், அங்கே அழைத்துப் போகிறேன் என்கிறார். அவருக்குத் தெரியவே தெரியாது. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. ராஸ்லின் அம்மா மட்டும் பிறகு தனியாக வந்து, உங்களுக்குத் தெரியாதுதானே என்று பிடித்துவிடுகிறார். வகுப்பில் வீட்டுப்பாடம் 'மறந்து வைத்துவிட்டு வந்தேன்' என்ற பொய்யை ஆயிரம் தடவை கேட்ட காது அது!

மாணவர் போன் செய்த அன்று இரவு இந்த இடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. தன்னை நம்பி இருக்கிறவர்கள் தளர்ந்துவிடக் கூடாதே என்று சொல்லும் பொய்யை நான் திட்டமாட்டேன். ஆனால் அடாமாவின் பொய்யைத் தாங்க இரண்டு பேர் இருந்தார்கள். உண்மை தெரிந்த இன்னோர் ஆள் இல்லாமல், ஒருவர் தனியாக ஒரு பொய்யைச் சுமந்தால், அது அவரை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். மறுநாள் நானே அவரைக் கூப்பிட்டு, "முதலில் உன் மனைவியிடம் சொல்லு. மகளிடம் எப்போது சொல்வது என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்" என்றேன். சொல்லிவிட்டார். அந்தப் பெண் அழவில்லையாம். "6 வாரமா பூங்காவில் கொசுக்கடியா?" என்றுதான் கேட்டாளாம். நல்ல பெண்.

மூன்றாவது விஷயம், ராஸ்லின் அம்மாவைப் பற்றி. இது என் இனத்தைப் பற்றிப் பேசுவது, அதனால் கொஞ்சம் கூடுதலாகவே எழுதுவேன்.

தாக்குதல் நடந்த அன்று காலையில்தான் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்குச் சற்று முன், ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தைப் பேசித் தீர்த்ததற்காக, பாராட்டுக்குப் பதில் ராஜினாமா செய்யச் சொல்லியிருக்கிறார் குடியரசுத் தலைவர். போராட்டப் பந்தலில் உட்கார்ந்த என் தோழிகளுக்கு இது விளக்காமலே புரியும். அன்று மாலைக்குள் அந்தத் தலைவரும் அவருக்கு அடுத்தடுத்து வரவேண்டியவர்களும் இறந்துபோக, வரிசையில் 43ஆவதாக இருந்த கல்வி அமைச்சர் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்கிறார். கல்வித் துறையை 43ஆவது இடத்தில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கற்பனையிலும் அதே கதிதான்!

அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஒரு வெள்ளைப் பலகையில் உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கையை எழுதி வைத்தது. ஒருவர் இறந்தால் அழித்துவிட்டுக் குறைத்து எழுதுவார். பார்த்தவுடன் எனக்குச் சிலிர்த்துவிட்டது. வருகைப் பதிவேடு! தினமும் காலையில் முதல் வேலை, பதிவு எத்தனை, வருகை எத்தனை என்று பலகையின் ஓரத்தில் எழுதுவது. 36 வருடம் எழுதிய கை இது.

'33' என்று ஒரு பகுதி. சிறந்த பகுதி என்று ஹ்யூகோ விருது வாங்கியது. எதிரி சரியாக 33 நிமிடத்துக்கு ஒருதடவை வந்துவிடுகிறான். ஒவ்வொரு தடவையும் எல்லாக் கப்பல்களும் தாவித் தப்பிக்கவேண்டும். இப்படி 237 தடவை. கணக்குப் போடுங்கள் பார்ப்போம். 33 பெருக்கல் 237, 7,821 நிமிடம். 60ஆல் வகுத்தால் 130 மணி நேரத்துக்கு மேல். அதாவது 5 நாளும் 10 மணியும் யாரும் தூங்கவில்லை. கடைசியில், எதிரியை வழிகாட்டிக் கூட்டிவருகிறது என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பயணிகள் கப்பலைச் சுட்டு வீழ்த்த ராஸ்லின் ஒப்புதல் தரவேண்டியதாகிறது. அதில் ஏறியிருந்தவர்களாகக் கணக்கில் இருப்பவர்கள் 1,345 பேர். அவர் பலகையில் எண்ணைக் குறைத்து எழுதுகிறார். பிறகு ஒரு செய்தி வருகிறது. ஒரு கப்பலில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மறுபடி எழுந்து போய் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார்: 47,973.

அந்த ஒன்றைக் கூட்டுவதற்கு அவர் எழுந்து போனாரே, அதுதான் ஆசிரியர் வேலை என்று நான் நினைக்கிறேன். ஏறக்குறைய 48,000 பேர் என்று விட்டுவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் 'ஏறக்குறைய' கிடையாது. ஒருவன் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று வீட்டுக்கு ஆள் அனுப்பவேண்டும். 49 வயதானவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்ட அந்தக் கம்பெனியில், எந்தப் பலகையிலாவது யாராவது எழுதி அழித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

ராஸ்லினைத் தெய்வமாக்கவும் மாட்டேன். தேர்தலில் தான் தோற்கப் போவது தெரிந்ததும் அவர் தரப்பு ஓட்டுப்பெட்டியில் கை வைக்கிறது, அவருக்கும் தெரிந்தே. வென்றுவரப் போகிறவன் தகுதியில்லாதவன், அவனால் மக்கள் அழிவார்கள் என்பது அவர் நம்பிக்கை. பின்னால் அது நிஜமாகவே நடக்கிறது. ஆனாலும் விஷயம் தெரிந்த அடாமா நேருக்கு நேர் கேட்டபோது, அவர் ஒப்புக்கொண்டு பதவியை விட்டுக்கொடுத்துவிடுகிறார். விடை சரியாக இருந்தாலும் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினால் அது மதிப்பெண் இல்லை என்று நாம் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்கிறோம். அதையே, அத்தனை உயிர் தராசில் இருக்கும்போது ஓர் ஆசிரியர் தனக்குச் சொல்லிக்கொள்ள எவ்வளவு பலம் வேண்டும்! இந்த இடத்தில் என் மகளும் நானும் இரண்டு நாள் சண்டை போட்டோம். அவள், மக்களைக் காப்பாற்றியிருக்கவேண்டும் என்றாள். நான் இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறேன்.

பதவி போனபிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? மக்கள் குடியேறிய அந்தக் குளிர்ந்த கோளில், ஒரு கூடாரத்தில் பள்ளிக்கூடம் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். நாற்காலி போனாலும் கையில் தொழில் இருந்தது.

உண்மை உலகத்திலும் ஒரு கப்பல் இப்படி உண்டு. நியூயார்க்கில் 'இன்ட்ரெபிட்' என்ற விமானந்தாங்கிக் கப்பல். 1943இல் பணிக்கு வந்து, இரண்டாம் உலகப் போரைப் பார்த்து, 1974இல் ஓய்வு பெற்று, 1982இலிருந்து அருங்காட்சியகம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, எஃப்.பி.ஐ. அந்தக் கப்பலைத்தான் தன் தற்காலிகக் களத் தலைமையகமாக வைத்துக்கொண்டது. பிள்ளைகள் வேடிக்கை பார்த்த கப்பலில் மறுபடி வேலை நடந்தது. இந்தப் புதிய தொடர் அந்தத் தாக்குதலுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. அந்தக் காயத்தின் வலி கதை முழுவதும் தெரியும். காணாமல் போனவர்களின் புகைப்படங்கள் ஒட்டிய நடைபாதைச் சுவர் ஒன்று கேலக்டிகாவில் உண்டு. அங்கே நான் தொடரை நிறுத்திவிட்டேன், மறுநாள்தான் பார்த்தேன். தொடர் முடிகிற மாதம், 2009 மார்ச்சில், ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்திலேயே இந்தத் தொடரை வைத்து மனித உரிமை, பயங்கரவாதம், போரில் சிக்கிய குழந்தைகள் ஆகியவற்றைப் பற்றி ஒரு கலந்துரையாடல் நடந்தது. ஓல்மோஸும் மெக்டொனலும் கலந்துகொண்டார்கள்.

இனி முடிவைச் சொல்லப் போகிறேன். தொடரைப் பார்க்க நினைக்கிறவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

கடைசிப் பருவத்தில் கப்பலின் தலைமைத் தொழிலாளி, உத்தரங்களில் மயிரிழை போன்ற விரிசல்களைக் கண்டுபிடிக்கிறார். வெளியில் தெரியாது. உள்ளே எலும்பு முழுக்க ஓடியிருக்கிறது. எதிரியின் தொழில்நுட்பமான ஒருவகைப் பசையைப் பூசினால் கொஞ்சம் தாங்கும் என்கிறார். அடாமா முதலில் கூடவே கூடாது என்கிறார். என் கப்பலில் அவர்கள் பொருளா? பிறகு சம்மதிக்கிறார். இணைப்பே வேண்டாம் என்று முதல் நாள் மறுத்த அதே மனிதர்! கப்பல் காக்க வேண்டியது மக்களை. தன் பிடிவாதத்தைக் காப்பதற்கு இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்கிறது.

ஒரு கட்டத்தில் பசையும் போதவில்லை. இனி முடியாது என்று கப்பலைக் கைவிட முடிவு செய்கிறார்கள். அப்போது ஒரு சின்னப் பெண் குழந்தையை மீட்க வேண்டியிருக்கிறது. வர விருப்பம் உள்ளவர்கள் மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வாருங்கள் என்று அடாமா கேட்கிறார். போகிறார்கள், மீட்கிறார்கள், கடைசியாக ஒருதடவை தாவுகிறார்கள். அந்தத் தாவலில் கப்பலின் முதுகெலும்பு முறிந்துவிடுகிறது. பிறகு அது எங்கும் போகவில்லை, சூரியனுக்குள் போனதைத் தவிர. அருங்காட்சியகம் ஆகவே இல்லை.

அன்புச் செல்வங்களே, உங்களில் பலருக்கு இப்போது 45, 50 வயது. நான் உங்களை அரை டிராயரிலும் ரிப்பன் ஜடையிலும்தான் பார்க்கிறேன். ஆனால் உலகம் உங்களைப் 'பழசு' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறது. நீங்கள் கற்றதில் எது வெறும் பழக்கம், எதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். காரணம் உள்ளதை விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதை விட்டுவிட்டு, புதிய பசையைப் பூசிக்கொள்ள வெட்கப்படாதீர்கள். உங்கள் மகன், மகளிடமே கற்றுக்கொள்ளலாம். இந்தப் பதிவைத் தட்டெழுத்துச் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மகள்தான்.

அந்த மாணவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் நேர்காணல் முடிந்து பதிலுக்குக் காத்திருக்கிறார். வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறவர்கள் உங்களில் குறைந்தது பத்துப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அவரைப் பேசச் சொல்கிறேன். சிபாரிசு வேண்டாம், பேச ஒரு வாய்ப்புக் கொடுத்தால் போதும். இதே நிலையில் இருந்துகொண்டு வீட்டில் சொல்லாமல் இருக்கிறவர்கள் இருந்தால், முதலில் என்னிடம் சொல்லுங்கள். ராத்திரி 9 மணிக்குள் கூப்பிடுங்கள், அதற்கு மேல் தூங்கிவிடுவேன்.

கடைசியாக ஒரு வேலை. படித்து முடித்தவர்கள் கீழே 'உள்ளேன் டீச்சர்' என்று எழுதுங்கள். லைக் மட்டும் போட்டுவிட்டு ஓடக்கூடாது. கூடவே, ரொம்ப நாளாகச் சத்தமே இல்லாமல் இருக்கிற உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரை இன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிட்டு, நலமாக இருக்கிறாரா என்று எனக்குச் சொல்லுங்கள். பலகை தயாராக இருக்கிறது. நான் எண்ணி எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்